கப்பல்ல கள்ளன் யாரு: ஒரு செக்கிங் அக்காவோட கணக்கு

ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒம்பதரை ஆச்சுன்னா எங்க சொந்தத்துல பத்துப் பேரு ஆளுக்கொரு போனோட அமங் அஸ்ங்கற கேம்ல ஒட்டுக்கா கூடிருவோம். நானும் மகளும் மாமியாரும் அனுப்பர்பாளையத்துல ஒரே வீட்டுல இருக்கோம். மச்சினன் காங்கயத்துல ஒரு அரிசி மில்லுல கணக்கு எழுதறான். நங்கையா, அதாவது எங்கூட்டுக்காரரோட அக்கா, சென்னிமலை. எங்கக்கா மகன் கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல. எங்கூட்டுக்காரர் மட்டும் விளையாட மாட்டாரு. கட்டில்ல படுத்துக்கிட்டு எல்லாரு போனையும் எட்டிப் பாத்து ரவுசு பண்றதுதான் அவரு வேலை.

கேம் வந்தது 2018ல. எங்க வீட்டுக்குள்ள வந்தது 2020ல, கம்பெனியெல்லாம் பூட்டிக் கெடந்த வருசம். மக இறக்கிக் குடுத்தா. மொத ரெண்டு மாசம் நானு கொல்லற ஆளுக்குத் தீனியாத்தான் இருந்தேன். இப்ப நெலம மாறிருச்சு. ஆட்டத்துக்கு முந்தி எல்லாரும் கூடற லாபியில என் மஞ்சக் கலரைப் பாத்தாலே, "சித்தி இருக்காங்க, மொதல்ல அவங்கள முடிங்கடா"ன்னு பசங்க எழுதறானுங்க. எப்படிக் கண்டுபுடிக்கறீங்கன்னு கேக்கறவங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

பனியன் கம்பெனியில 17 வருசமா நானு செக்கிங். டேபிள் மேல டீ-சர்ட் வந்து விழுகும். கழுத்து, தோள்பட்டை, கை, ஓரம், அடிமடிப்பு, அப்பறம் உள்பக்கம்னு வரிசை மாறாம பாக்கோணும். ஓட்டை, ஆயில் கறை, தையல் விட்ட எடம் எது கண்ணுல பட்டாலும் செவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிருவேன். புதுசா வர்ற புள்ளைங்க பீஸை முச்சூடும் விரிச்சு வச்சுப் பொதுவா வெறிச்சுப் பாக்கும். ஒண்ணும் தெரியாது. இந்த கேம்லயும் நெறையப் பேரு அப்படித்தான் பாக்கறாங்க. "ஆரஞ்சு நடக்கறதே சரியில்ல"ன்னு ஓட்டுப் போட்டுட்டு, அப்பறம் தலையில கைய வச்சுக்குவாங்க.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஒரு விண்வெளிக் கப்பல்ல நாலுல இருந்து 15 பேரு வரைக்கும் இருக்கலாம். அதுல ஒருத்தரோ, ரெண்டு மூணு பேரோ இம்போஸ்டர், அதாவது கள்ளன். மத்தவங்க வேலைய முடிக்கோணும், இவங்க யாருக்கும் தெரியாம ஆளை முடிக்கோணும். பொணம் தெம்பட்டாலோ, யாராவது சிவப்புப் பட்டனை அமுக்கினாலோ மீட்டிங். பேசி, ஓட்டுப் போட்டு ஒருத்தரை வெளிய தள்ளலாம். நாம சின்னதுல சீட்டுக் குலுக்கிப் போட்ட ராஜா ராணி போலீஸ் திருடன்தான், கொஞ்சம் பெருசு. வெளிநாட்டுல இந்த வகைக்கு மூலம் மாஃபியாங்கற ஆட்டம். 1986ல மாஸ்கோவுல திமித்ரி டேவிடோஃப்ங்கற மாணவர் உண்டாக்குனது. 1997ல ஆண்ட்ரூ பிளாட்கின் அதையே ஓநாய்க் கதையா மாத்துனாரு. நம்ம சீட்டாட்டத்துல போலீசுக்குக் கெடைக்கறது மூஞ்சி ஒண்ணுதான். எவன் சிரிப்ப அடக்கறான்னு பாத்துச் சொல்லோணும். கப்பல்ல மூஞ்சியே கெடையாது. ஆனா அதைவிடப் பெருசா ஒண்ணு கெடைக்குது: நேரம்.

கம்பெனியில ஒரு பீஸ்ல தப்பு இருந்தா, டெய்லரக் கூப்புட்டு "நீ தச்சியா?"ன்னு கேட்டா யாரு ஒத்துக்குவாங்க? பண்டில் சீட்டை எடுத்துப் பாப்போம். எந்த பண்டில், எந்த மெசின், எந்த ஷிப்ட்டுன்னு அதுல இருக்கும். மூஞ்சியப் பாக்கவே வேண்டியதில்ல. அமங் அஸ்லயும் ஒவ்வொருத்தருக்கும் ஒரு பண்டில் சீட்டு நீங்களே எழுதிக்கோணும்.

நானு செக்கிங் ரிப்போர்ட் தாளோட பின்பக்கத்த எடுத்துக்குவேன். இடது பக்கம் கலருங்க பேரு, மேல மொத மீட்டிங், ரெண்டாவது, மூணாவதுன்னு கட்டம். ஆட்டம் ஓடறப்ப எழுத நேரமிருக்காது. அதனால மனசுல ஒண்ணே ஒண்ணத்தான் புடிச்சு வச்சுக்குவேன்: கடைசியா யாரை, எந்த ரூம்ல பாத்தேன். ஆட்டம் ஆரம்பிக்கற கேஃபடேரியாவ விட்டுக் கெளம்பறப்ப வலது பக்கம் போனது யாரு, இடது பக்கம் போனது யாருன்னு பாத்துக்குங்க. அது மட்டுமே பாதி கணக்கு. மீட்டிங் வந்ததும் எழுதிருவேன். ஊதா: நேவிகேஷன். கறுப்பு: ஸ்டோரேஜ். யாரையும் பாக்காத கட்டம் காலியாவே இருக்கட்டும். மூணு மீட்டிங் ஆகியும் ஒருத்தரு வரிசை முச்சூடும் காலியா இருந்தா, அவரை எதுத்தாப்புல வச்சு நாலு கேள்வி கேக்கலாம். காலியா இருக்கறது குத்தத்துக்கு அத்தாட்சி இல்லீங்க, ஸ்கெல்ட்ங்கற கப்பல் மேப்புல ஓரமா வேலை விழுந்தவங்களும் கண்ணுல படமாட்டாங்க. கேள்விய யாருகிட்ட ஆரம்பிக்கறதுன்னு அது சொல்லும், அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு முந்தி லாபியில இருக்கற செட்டிங்ஸப் படிச்சுருங்க. எங்காளுங்கள்ல பாதிப்பேரு இதைச் செய்யறதில்ல. விசுவல் டாஸ்க் (செய்யறது மத்தவங்க கண்ணுக்குத் தெரியற வேலை) இருக்கா, டாஸ்க் பார் (வேலை எவ்வளவு முடிஞ்சுதுன்னு காட்டற பச்சைக் கோடு) எப்ப ஏறும், வெளிய தள்ளுனவங்க இம்போஸ்டரா இல்லையான்னு காட்டுமா, தரைக்கடி வழியில (வென்ட்ல) போகற இஞ்சினியர் உண்டா. இந்த நாலும் தெரியாம வாதாடறது, பையர் குடுத்த அளவுத் தாளைப் பாக்காம பீஸை அளக்கற மாதிரி.

இனி நங்கையா மாட்டுன கதை. கொஞ்சம் விரிவாச் சொல்றேன், இதுக்குள்ளயே முக்கால்வாசி வித்தை இருக்குது.

ஸ்கெல்ட் மேப். பத்துப் பேரு, ரெண்டு இம்போஸ்டர். விசுவல் டாஸ்க்கை நிறுத்தி வச்சிருந்தோம், இஞ்சினியரும் கெடையாது. நானு அட்மின்ல கார்டைத் தேய்ச்சு முடிச்சுட்டு (அந்தக் கார்டு இருக்கே, மெதுவாத் தேச்சாலும் ஒத்துக்காது, வேகமாத் தேச்சாலும் ஒத்துக்காது) பக்கத்துல இருக்கற மேசை மேப்பைத் தொறந்தேன். அந்த மேப்புல எந்த ரூம்ல எத்தனை பேருன்னு தெரியும். யாருன்னு தெரியாது. நடைபாதையில நிக்கறவங்களும் தெரியமாட்டாங்க. இன்னொண்ணு, பொணமும் ஒரு தலையாத்தான் கணக்குல வரும்.

எலக்ட்ரிகல்ல ரெண்டு. மெட்பேயில ஒண்ணுமில்ல. ஸ்டோரேஜ், மேல் இஞ்சின், கீழ் இஞ்சின் மூணுமே காலி. பாத்துக்கிட்டே இருக்கறேன், எலக்ட்ரிகல்ல ரெண்டு ஒண்ணாச்சு. அதே மூச்சுல மெட்பேயில ஒண்ணு மொளைச்சுது. ஸ்டோரேஜ்லயோ இஞ்சின்லயோ ஒரு தலை கூட வந்து போகல. எலக்ட்ரிகல்ல இருந்து மெட்பேக்கு நடந்து போகோணும்னா ஒண்ணு ரெண்டு இஞ்சினையும் தாண்டோணும், இல்லாட்டி ஸ்டோரேஜ் வழியா கேஃபடேரியா வந்து சுத்தோணும். அந்தளவு தூரத்தை ஒரு நொடியில தாண்ட ஒரே வழிதான் இருக்குது. எலக்ட்ரிகல், மெட்பே, செக்யூரிட்டி மூணுக்கும் தரைக்கடியில இம்போஸ்டர் பூந்து போகற ஒரே வென்ட்.

கொஞ்ச நேரத்துல ஆரஞ்சு, எங்கக்கா மகன், எலக்ட்ரிகல்ல நீலத்தோட பொணத்தை ரிப்போர்ட் பண்ணான். நீலம் மச்சினன் பொண்டாட்டி.

இந்த எடத்துல எல்லாரும் செய்யற தப்பு, "மெட்பேயில இருக்கறவங்கதான் கள்ளன், நானு மேப்புல பாத்தேன்"னு ஒடனே கத்தறது. கத்துனா என்னாகும்? நானு மெட்பேயிலயே இல்லீங்கன்னு அந்தாளு சொல்லிட்டு வேற ரூம் பேரை எடுத்து உட்டுருவாரு. நானு பாத்தது வெறும் எண்ணு. கலரு தெரியாது. அதனால கம்முனு இருந்து, பொதுவா ஒண்ணு கேட்டேன்: "எல்லாரும் எங்க இருந்தீங்கன்னு வரிசையாச் சொல்லுங்க. நானு அட்மின், கார்டு."

அட்மின்னு சொன்னேனே தவிர மேப்பைப் பாத்தேன்னு சொல்லல. ஊதா நேவிகேஷன். கறுப்பு ஷீல்ட்ஸ். வெள்ளை, எங்க மாமியாரு, "தெரியல கண்ணு, ஏதோ பைப்பு இருக்கற எடம்". ரோஸ், நம்ம நங்கையா: "மெட்பே. ஸ்கேன்."

"எவ்வளவு நேரமா நங்கையா அங்க இருக்கீங்க?"

"வந்து ரொம்ப நேரமாச்சம்மிணி. ஸ்கேன் முடிய நேரமாகுமில்ல."

"எந்த வழியா வந்தீங்க?"

"ஸ்டோரேஜ்ல ஒரு வேலை இருந்துச்சு. அத முடிச்சுட்டுத்தான் வந்தேன்."

அவங்க மெய்யாலுமே நடைபாதையில இருந்து அந்த நொடிதான் மெட்பேக்குள்ள வந்திருக்கலாம், அதுக்கும் எடம் குடுத்துத்தான் கேட்டேன். "இப்பத்தான் நொழைஞ்சேன்"னு சொல்லியிருந்தா என் கணக்கு தடுமாறியிருக்கும். ரொம்ப நேரமா இருந்தேன்னுட்டாங்க. ரொம்ப நேரமா அங்க யாருமே இல்ல. ஸ்கேன் முடியறதும் பத்து விநாடிதான். அதுக்கப்பறம்தான் மேப்புல பாத்ததை எழுதுனேன். அக்கா மகன் ஒரு வரி போட்டான்: "அத்தை, வண்டிய கட்டுங்க." எட்டு ஓட்டு.

இன்னிக்கும் நங்கையா, "ஏனம்மிணி, நீ காமிராவுல பாத்துட்டுத்தானே நாடகமாடுன?"ன்னு கேப்பாங்க. காமிரா பாத்தா செவப்பு வெளக்கு மினுக்கும், யாரோ பாக்கறாங்கன்னு இம்போஸ்டருக்குத் தெரிஞ்சு போகும். அட்மின் மேப்புக்கு அந்தத் தொல்லை இல்ல. எனக்கு அதனாலயே அது புடிக்கும்.

ஆக, கேள்விய மொதல்ல கேளுங்க, கையில இருக்கறத அப்பறம் காட்டுங்க. ரூமு, நேரம், வந்த வழி, வழியில பாத்த ஆளு. நாலுக்கும் அவங்க வாயால பதில் வாங்கிட்டுத்தான் ஸ்டிக்கரை ஒட்டோணும்.

கண்ணால பாத்தாலே உறுதியாகற சங்கதி கொஞ்சந்தான் இருக்குது. ஒருத்தரு வென்ட்ல எறங்கறதப் பாத்தா முடிஞ்சுது, ஆனா 2021 நவம்பருக்கப்பறம் இஞ்சினியர்ங்கற நல்ல மனுசனும் வென்ட்ல போவாரு, அதனாலதான் செட்டிங்ஸப் படிங்கன்னேன். அதே சமயத்துல வந்த ஷேப்ஷிஃப்டர் வேற ஒருத்தரு உருவத்துல திரிவான். அவன் ஆட்டத்துல இருந்தா "கறுப்பு கொன்னதை என் கண்ணால பாத்தேன்"ங்கறது கூட சாட்சி ஆகாது. கறுப்பு அதே நேரம் வேற எங்கயாவது தெம்பட்டானான்னு கேட்டுட்டுத்தான் கைய வைக்கோணும். விசுவல் டாஸ்க் இருந்தா, மெட்பே ஸ்கேன், வெப்பன்ஸ்ல கல்லைச் சுடறது, குப்பை கொட்டறது, ஷீல்டு போடறது இதெல்லாம் பக்கத்துல நிக்கறவங்களுக்குத் தெரியும். அப்படிச் செய்யறதை நீங்க பாத்த ஆளுங்களை நல்லவங்க பட்டியல்ல சேத்துருங்க.

கார்டு, ஒயரிங் ரெண்டும் ஸ்கெல்ட்ல பொது வேலை. ஒருத்தருக்கு இருந்தா எல்லாருக்கும் இருக்கும். உங்க பட்டியல்ல கார்டு இல்ல, ஆனா ஒருத்தரு கார்டு மெசின் முன்னாடி நின்னு வேலை செய்யற மாதிரி நடிக்கறாருன்னா, வேற சாட்சி எதுவும் வேண்டாம். புது இம்போஸ்டருங்க மாட்டறதே இதுலதான்.

டாஸ்க் பாரை நம்பி நானு ஒருக்கா ஏமாந்துருக்கேன். ஒருத்தரு வேலைய முடிச்சுட்டு நகர்றப்ப பச்சைக் கோடு ஏறலைன்னா அவரு நடிக்கறாருன்னு சொல்லிக் குடுத்தாங்க. பச்சைக் கலர்க்காரன் வெப்பன்ஸ்ல டவுன்லோடு போட்டுட்டு நகந்தான், கோடு ஏறல. ஒரே புடியாப் புடிச்சு வெளிய தள்ளுனேன். அப்பறம்தான் தெரிஞ்சுது, டவுன்லோடு பாதி வேலைதான், அப்லோடையும் முடிச்சாத்தான் கோடு ஏறும். ஒயரிங்கும் அப்படித்தான், மூணு எடம் முடிஞ்சாத்தான் ஒரு வேலை. அந்தப் பையன் பாவம். கோடு ஏறலைங்கறத, ஒரே கட்டத்துல முடியற வேலைக்கு மட்டும் வச்சுப் பாருங்க. அப்பவும் செட்டிங்ஸ்ல அது மீட்டிங்குக்கு மீட்டிங்தான் ஏறும்னு போட்டிருந்தா ஒண்ணுக்கும் ஆகாது.

லைட்டை அணைச்சுட்டாங்கன்னா எல்லாரும் அய்யோன்னு எலக்ட்ரிகலைப் பாத்து ஓடுவாங்க. நானு அந்த நேரத்துலதான் கண்ணை நல்லாத் தொறந்து வச்சுக்குவேன். இருட்டுல நமக்குக் காலடி மட்டுந்தான் தெரியும், இம்போஸ்டருக்கு எல்லாமே தெரியும். வெளிச்சமில்லாதவங்க சொவத்துல முட்டி, தடவித் தடவி நடப்பாங்க. பொருள் கண்ணுக்குத் தெரியற ஆளு நேரா வருவாரு. இருட்டுல ஒருத்தரு தொலைவுல இருந்து என்னைப் பாத்துக் கோடு போட்ட மாதிரி வந்தா, நானு திரும்பி ஓட்டமெடுத்துருவேன். பொழைச்சுக் கெடந்தா மீட்டிங்ல சொல்லிக்கலாம். அவரு திடீர்னு நின்னு திரும்பிட்டாருன்னா இன்னும் சந்தேகம்.

ரியாக்டர் அலாரம் அடிச்சா அங்க ரெண்டு கை வேணும். வந்தது யாரு யாருன்னு எண்ணிக்குங்க. அந்தச் சமயத்துல நேவிகேஷன் பக்கம் பொணம் விழுந்தா, ரியாக்டர்ல நின்னவங்க அத்தனை பேரும் சந்தேகப் பட்டியல்ல இருந்து கழிஞ்சு போயிருவாங்க. ஆனா ஒண்ணு, சாபட்டேஜ் போட்டு, அதாவது கப்பலைக் கெடுத்து, அலாரம் அடிக்க விட்டவனே மொத ஆளா வந்து கைய வச்சுக்கிட்டு நல்ல புள்ளை வேசம் போடுவான், கூட்டாளி அக்கட்டால வேலைய முடிப்பான். கழிக்கறது அந்த ஒரு பொணத்துக்கு மட்டுந்தான்.

ஆளோட பேச்சை வச்சுக் கண்டுபுடிக்கலாமான்னு கேப்பீங்க. மக சைக்காலஜி படிக்கறா. 2006ல பாண்ட், டீபாலோன்னு ரெண்டு பேரு 206 ஆய்வுகளை ஒண்ணாச் சேத்துப் பாத்தாங்களாம். பொய்யா நெசமான்னு ஜனங்க பிரிச்சுச் சொல்றது சராசரியா நூத்துக்கு 54 தடவைதான் சரியாகுதாம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வருமே! அதனால, மொத தடவை கூட விளையாடற ஆளோட எழுத்தை வச்சு முடிவு பண்றத விட்டுட்டேன்.

தெரிஞ்ச ஆளுங்க கதை கொஞ்சம் வேற. எங்கக்கா மகன் சாதாரணமா என்கிட்ட "நானில்ல சித்தி, போங்க"ன்னு எழுதுவான். ஒரு நாளு "நானுங்களா? இல்லீங்க சித்தி"ன்னு எழுதுனான். ரெண்டு "ங்க" சேந்து வந்தது பொக்குனு உறுத்துச்சு. நம்மூர்ல ஆளு தப்பு செஞ்சுட்டா மரியாதை கூடிருமில்ல! கடன் வாங்க வர்றவனும், கண்ணாடிய ஒடைச்ச பையனும் பேசற பேச்சு அது. ஓட்டுப் போட்டோம், அவனேதான். நானு அதோட வாய மூடியிருக்கோணும். பெருமையில எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். அடுத்த வாரத்துல இருந்து அவன் நல்லவனா இருக்கறப்பவும் வேணும்னே "ங்க" போட்டு என்னைக் கொழப்பறான். இந்த மாதிரிக் குறிப்பு கெடைச்சா யாருகிட்டயும் சொல்லாதீங்க, சொன்ன நாளே அது செத்துரும்.

ஒருத்தரை அவரோட பழைய ஆட்டத்தோடதான் ஒப்பிடோணும், அடுத்தவரோட ஒப்பிடக்கூடாது. இதை நானு கத்துக்கிட்டது மாமியாருகிட்ட. அத்தைக்கு எழுபது நெருங்குது. அவங்க வெள்ளைக் கலரு சொவத்துல முட்டி நிக்கும், ஒரே ரூமை நாலு தடவை சுத்தும், மீட்டிங்ல பதில் வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சுரும். ஒரு ஆட்டத்துல ஏழு பேரு மிச்சம். வெள்ளை செக்யூரிட்டிக்கும் ரியாக்டருக்கும் நடுவுல சும்மா நின்னதை நானு பாத்தேன், பக்கத்துலயே பொணம். எங்க இருந்தீங்க அத்தைன்னா பதிலில்ல. வேற யாருகிட்டயும் கணக்கு இல்ல. ஓட்டைத் தெரட்டி வெளிய தள்ளிட்டேன். வெள்ளை இம்போஸ்டர் இல்லைன்னு எழுத்து வந்துச்சு. அடுத்த ரூம்ல இருந்து, "என்னையப் போயி கள்ளின்னுட்டயே கண்ணு"ன்னு சத்தம். மறுநாள் காலையில காப்பித் தண்ணி எனக்கு மட்டும் வரல.

புதுசாத் தைக்க வர்ற புள்ளையோட தையல் கோணும். அதைப் பாத்து வேணும்னே கெடுக்குதுன்னா சொல்லுவோம்? அத்தை எந்த ஆட்டத்துலயும் அப்படித்தான் நிப்பாங்க. அவங்க நேரா, வெரசா நடந்திருந்தாத்தான் நானு யோசிச்சிருக்கோணும்.

அந்த ஓட்டுல இன்னொரு தப்பும் இருந்துச்சு. ஏழு பேருல ரெண்டு இம்போஸ்டர்னா நல்லவங்க அஞ்சு. தப்பா ஒருத்தரைத் தள்ளுனா நாலுக்கு ரெண்டு. அடுத்த ரவுண்டுல ரெண்டு கள்ளனும் ஆளுக்கொண்ணு அடிச்சா ரெண்டுக்கு ரெண்டு, எண்ணிக்கை சமமானா கள்ளனுக்குத்தான் ஜெயம், அங்கயே ஆட்டம் முடிஞ்சுது. எங்களுக்கு அப்படியேதான் முடிஞ்சுது. ஏழுல கையில கணக்கு இல்லாட்டி யாரையும் தள்ளாம ஸ்கிப் போடறதே மேலு. ஸ்கிப் போட்டா அஞ்சுக்கு ரெண்டாவே நிக்கும், ரெண்டு பேரு செத்தாலும் மூணுக்கு ரெண்டுன்னு இன்னொரு மீட்டிங் கெடைக்கும். அந்த மீட்டிங்ல ஸ்கிப் போட்டீங்கன்னா கதை முடிஞ்சுரும், அங்க யாரையாவது தள்ளியே ஆகோணும். பத்துப் பேரு இருக்கறப்ப கொஞ்சம் தாராளமா இருக்கலாம். எண்ணிக்கை கொறையக் கொறைய ஓட்டுக்கு வெலை ஏறும்.

ரெண்டு இம்போஸ்டர்ல ஒருத்தன் மாட்டிட்டா, பாதிப்பேரு கைதட்டிட்டு அடுத்த ரவுண்டுக்கு ஓடிருவாங்க. நில்லுங்க. இன்னொருத்தன் யாருன்னு அந்த மீட்டிங்லயே எழுதி வச்சிருக்குது. எங்கப்பிச்சி, அதாவது அம்மாவோட அப்பா, மாட்டுத் தரகு பாத்தவரு. சந்தையில துண்டைப் போத்திக்கிட்டு, அதுக்கடியில விரலைப் புடிச்சுத்தான் வெலை பேசுவாங்க, சுத்தி நிக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. "துண்டைப் பாக்காதே சாமி, துண்டை எடுத்ததுக்கப்பறம் எவன் மாட்டைத் திரும்பியே பாக்கலைன்னு பாரு, அவன்தான் வாங்குனவன்"னு சொல்லுவாரு. கூட்டாளிங்க பேசிக்கறது நமக்குத் தெரியாது. அவங்க ஒருத்தரை ஒருத்தர் தொடாம விடறது தெரியும்.

நங்கையா மாட்டுன ஆட்டத்தையே எடுத்துக்குங்க. ஒம்பது பேரு உசுரோட, அவங்களுக்கு எட்டு ஓட்டு. அவங்க ஓட்டு மட்டும் ஸ்கிப்புல. பாத்தா ஒண்ணும் பிரிக்க முடியாது. ஆனா யாரு எப்பப் போட்டாங்கன்னு பாத்திருந்தேன், ஓட்டுப் போட்டதும் பேருக்குப் பக்கத்துல அடையாளம் வரும். நானு மேப்பைப் பத்தி எழுதற வரைக்கும் கறுப்பு, காங்கயத்து மச்சினன், வாயே தொறக்கல. ஆறு பேரு போட்டு முடிச்சதுக்கப்பறம், இனித் தடுக்க முடியாதுன்னு தெரிஞ்சதும், "ஆமா அக்காதான், எனக்கு மொதல்ல இருந்தே சந்தேகம்"னு எழுதிட்டுப் போட்டான். செத்துப் போனது அவன் பொண்டாட்டி! ஆத்திரமே இல்லாம மணியக்காரர் மாதிரி உக்காந்திருந்தான். தாள்ல கறுப்புக்கு நேரா ஒரு அம்பு போட்டேன். அடுத்த ரவுண்டுல அவன் ஷீல்ட்ஸ்னு சொன்ன நேரத்துல, மக ஷீல்ட்ஸ்லயே நின்னுக்கிட்டிருந்தா.

மாட்டுன கூட்டாளிய மொதல்ல காட்டிக் குடுத்துட்டு நல்ல பேரு வாங்கறவனும் உண்டு, அதனால "மொத ஓட்டு அவரு போட்டாரு, அதனால நல்லவரு"ன்னு எழுதிராதீங்க. அப்படிப்பட்டவன் வழக்கமா ஆதாரம் வந்ததுக்கப்பறம்தான் சத்தம் போடுவான். ஆதாரத்தைக் கொண்டு வந்தது யாருன்னு பாருங்க. முழு ஆட்டமும் உங்க கூடவே ஒட்டிக்கிட்டு நடந்து, உங்களை ஒண்ணும் பண்ணாத ஆளையும் நூத்துக்கு நூறு நம்ப வேண்டாம். கடைசி மீட்டிங்ல "இவரு என்கூடத்தான் இருந்தாரு"ன்னு நீங்க சொல்லோணும்ங்கறதுக்காக வளத்து வச்சிருப்பான், நோம்பிக்குக் கெடா வளக்கற மாதிரி.

ஒரே வீட்டுக்குள்ள மூணு பேரு விளையாடறவங்களுக்கு ஒரு சொல்லு. போன் சத்தத்தை நிறுத்திருங்க, கொலை விழுகற சத்தம் சொவத்தைத் தாண்டிக் கேக்கும். பீரோக் கண்ணாடிக்கு எதுத்தாப்புல உக்காராதீங்க. எங்க மக ரெண்டு மாசம் எம்பட திரையைக் கண்ணாடியில பாத்துத்தான் ஜெயிச்சிருக்கறா, அது தெரிஞ்சு கண்ணாடி மேல துண்டைப் போட்டு மூடிட்டேன்.

செத்துட்டா வாயைத் தொறக்கக்கூடாதுன்னு எங்க வீட்டுல சட்டம். ஆனா போனைக் கீழ வைக்கக்கூடாது. செத்தவங்களும் பேயா நடந்து வேலைய முடிக்கலாம், எல்லாரு வேலையும் முடிஞ்சுதுன்னா கள்ளனைப் புடிக்காமயே ஜெயிச்சரலாம். நானு அத்தையைத் தப்பா வெளிய தள்ளுன அந்த ராத்திரி, அவங்க கோவத்துல போனைத் தலையணைக்கடியில வச்சுட்டுப் படுத்துட்டாங்க. போன ஞாயித்துக்கிழமை அத்தைதான் மொத பொணம். சத்தமே இல்ல. கடைசியில நாலு பேரு மிச்சம், கள்ளன் ஒருத்தன் பாக்கி, எனக்கும் மகளுக்கும் ஒருத்தரு மேல ஒருத்தருக்குச் சந்தேகம், பட்டனைப் பாத்து ரெண்டு பேரும் ஓடறோம். திடீர்னு திரையில விக்டரின்னு வந்துச்சு. அடுத்த ரூம்ல இருந்து, "அந்த ஒயரு மட்டுந்தான் பாக்கி இருந்துச்சு கண்ணு, செவப்பையும் மஞ்சளையும் அததோட கலர்ல இணைச்சுட்டேன்"னு சொன்னாங்க.